வழிகாட்டுவோருக்கும் ஒரு சங்கம்



2019 தொடக்கத்தில், அன்றைய நெல்லை ஆட்சியர் தம் மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடியில் சேர்த்திருந்த செய்தி ஊரெங்கும் பேசப்பட்டது. அதே சமயத்தில் தமிழகத்தில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் தொடங்கின. ஆனால், பணியாளர்களுக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளர்கள், பயிற்றுநர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்பாசமுத்திரத்தில் பலன் தந்த ஒரு விளையாட்டு முறை சேரன்மகாதேவிப் பயிற்றுநர்களுக்கும் தெரிய வேண்டாமா? முன்பருவக் கல்வித் துறையினரை ஒன்றுசேர்க்க 1964-லேயே இந்திய முன்பருவக் கல்விச் சங்கம் தோன்றியது. நம் மாவட்டத்துக்கும் அப்படியொன்று வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்ய ஏழு பேர் போதும்.

நடத்துவதில்தான் கவனம் தேவை. உறுப்பினர் சந்தாவே முதன்மை வருவாயாக இருக்கட்டும். பாடநூல், விளையாட்டுப் பொருள் விற்போரிடம் நன்கொடை பெற்றால், நாளை எதை வாங்கலாம் என்று நடுநிலையாக எப்படிச் சொல்வது? ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். பொறுப்புகள் பாளையங்கோட்டைக்காரர்களிடமே தேங்காமல், பாபநாசம் வரை சுழல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்கள் இதற்கு முன்வந்தால், பணியில் இருப்போர் தயங்காமல் சேர்வார்கள்.

– ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
அம்பாசமுத்திரம்.