அந்த வீட்டில் எத்தனை வோட்?

2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து, மறுபடி வகுப்புக்குப் போன நாள். ஒன்பதாம் தரம், குடியியற் கல்விப் பாடம். என் சின்ன விரலில் இருந்த மையைப் பார்த்த பிள்ளைகள், தங்கள் வீட்டில் யார் யார் வோட் போட்டார்கள் என்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், எங்கட உம்மாக்கு மட்டும் ஏன் வோட் இல்ல?"

அவளுடைய உம்மா காயல்பட்டினத்தில் பிறந்தவர். கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து பதினெட்டு வருடம். இன்னும் வதிவிட விசாவில்தான் இருக்கிறார். பிள்ளைகள் மூவரும் இங்கே பிறந்தவர்கள், இலங்கைப் பிரஜைகள். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், செயலாளர் தெரிவுக்குக் கை உயர்த்துவார். அங்கே யாரும் அவரிடம் பாஸ்போர்ட் கேட்டதில்லை. மாநகர சபைக்கு மட்டும் அவர் வெளியாள்.

"சட்டம் அப்படி மகள்" என்று சொல்லிப் பாடத்தை நடத்திவிட்டேன். பரீட்சைக்கு அந்தப் பதில் போதும். எனக்குத்தான் போதவில்லை.

பிறகு ஒருநாள் அந்தத் தாய் என்னிடம் வேறொரு விஷயமாக வந்தார். அவர்கள் ஒழுங்கையில் கான் அடைத்து, மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. புதிதாகத் தெரிவான உறுப்பினர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போன் பண்ணினேன். மரியாதையாகத்தான் கதைத்தார். விலாசத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்டார்: "டீச்சர், அந்த வீட்டில் எத்தனை வோட்?"

எண்ணிப் பார்த்தேன். கணவர் கத்தாரில். பிள்ளைகள் பதினெட்டுக்குக் கீழே. தாய் வெளிநாட்டவர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில், தேர்தல் அன்று இங்கே நின்று போடக்கூடிய வோட் ஒன்றுகூட இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சட்டப்படி வந்து, ஒரே ஊரில் ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருக்கும் ஒருவருக்கு, அவர் எந்த நாட்டுப் பிரஜையாக இருந்தாலும், மாநகர சபைக்கும் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் வாக்களிக்க உரிமை கொடுக்க வேண்டும். ஜனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத்துக்கும் கேட்கவில்லை. அவை நாட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பவை, பிரஜைகளிடமே இருக்கட்டும். குப்பை லொறி, கான், தெருவிளக்கு, பொது நூலகம், சந்தை, இவை குடியிருப்பவருடைய விஷயம். சோலைவரி கட்டும்போது யாருடைய பிரஜாவுரிமையையும் பார்ப்பதில்லையே.

இது ஏதோ வெள்ளைக்காரன் நாட்டு யோசனை என்று நினைக்காதீர்கள். ஐந்து வருட வதிவிடம் என்ற கணக்கு 1928இல் டொனமூர் ஆணைக்குழு இந்த நாட்டுக்கே சிபாரிசு செய்தது. இந்தியத் தொழிலாளருக்கு வாக்குப் போய்விடும் என்று நம் தலைவர்கள் எதிர்த்தார்கள். விதி இறுக்கப்பட்டது, 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதன் பிறகு நடந்ததுதான் இன்றைய விஷயத்துக்கு மிகவும் கிட்டிய கதை. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கு மறுக்கப்பட்டது. நாடு தழுவிய சட்டசபைக்கு வோட் போடக்கூடிய தோட்டத் தொழிலாளிக்கும் பக்கத்துக் கிராமச் சபையில் வோட் கிடையாது! பதினோரு வருடம் கழித்து, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் வென்றிருந்தது. 1952இல் அவர்களில் ஒருவரும் இல்லை.

சின்னச் சபையில் ஆளை வெளியே வைத்துப் பழகியவர்களுக்குப் பெரிய சபையில் வைப்பது கஷ்டமாக இருக்கவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அந்தப் பழக்கம் எவ்வளவு காலம் நின்றது பாருங்கள். பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகச் சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் இருந்தது. சபை போட்ட றோட்டு தோட்ட எல்லையில் நின்றுவிடும். அதைத் திருத்த 2018 வரை ஆனது.

எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. என் உம்மாவின் வாப்பா கீழக்கரையிலிருந்து வந்து புறக்கோட்டையில் புடவைக் கடையில் நின்றவர். சம்மான்காரர் என்பார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கும் சிவப்புப் பள்ளியை, 1908இல் கட்டத் தொடங்கியவர்கள் அப்படி வந்த வியாபாரிகள்தான். 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில், கல்யாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். வாடகைத் துண்டு, கடைச் சம்பளத் துண்டு, கடிதக் கவர் என்று ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தாராம். கடைசியில் "பதிவுப் பிரஜை" ஆனார். அந்த டின்னை உம்மா இன்னும் வீசவில்லை.

சரி, எதிர்ப்புகளுக்கு வருவோம். "அப்படியென்றால் பிரஜாவுரிமை எடுக்க வேண்டியதுதானே?" எடுக்கலாம். ஆனால் இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிப்பதில்லை. காயல்பட்டினத்தில் படுக்கையில் இருக்கும் தன் தாயைப் பார்க்கப் போவதற்கும் விசா எடுக்க வேண்டிய நிலைக்கு அந்தப் பெண் வர வேண்டும். கானைத் துப்புரவாக்கச் சொல்ல அது கொஞ்சம் பெரிய விலை.

"போர்ட் சிட்டியில் சீனர்கள் வந்து சபையைப் பிடித்துவிடுவார்கள்." போர்ட் சிட்டியை நடத்துவது 2021 சட்டத்தின் கீழ் அமைந்த தனி ஆணைக்குழு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து போகும் தொழிலாளி ஐந்து வருடக் கணக்குக்குள் வரவும் மாட்டார். வெள்ளவத்தையில் நான்காம் மாடிக்கு மேலே ஃபிளாட் வாங்கிப் பூட்டிவிட்டு ரொறன்ரோவில் இருப்பவருக்கும் நான் வோட் கேட்கவில்லை. சொத்து இருப்பது வேறு, குடியிருப்பது வேறு.

இதே வெள்ளவத்தையில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் லண்டனில்? கொமன்வெல்த் நாட்டவர் என்பதால், இலங்கைப் பாஸ்போர்ட்டுடன் அங்கே சட்டப்படி குடியிருப்பவர் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கே வாக்களிக்கலாம். நோர்வேயில் மூன்று வருடம் இருந்தால் உள்ளூராட்சி வாக்கு. சுவீடன் 1976இலேயே கொடுத்துவிட்டது. நம் பிள்ளைகள் அங்கே வாங்கும்போது அது நியாயம், இங்கே கொடுக்கும்போது ஆபத்தா?

இன்னொரு எதிர்ப்பைத்தான் நான் மதிக்கிறேன். பக்கத்து வீட்டு ஐயா சொன்னார்: "டீச்சர், பிரஜைகளுக்கே வோட் ஒழுங்காகக் கிடைக்கவில்லை." உண்மை. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தலை, காசில்லை என்று தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் கொழும்பில் தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கான் அடைத்தால் யாரிடம் போவதென்று நாங்கள் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? கொட்டாஞ்சேனையில் அந்தத் தாய் பதினெட்டு வருடமாக இருப்பது அந்த நிலையில்தான்.

செய்வதற்கு வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை பிரஜைகளின் வாக்குரிமை பற்றிச் சொல்லும் இடத்தில் ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், சர்வசன வாக்கெடுப்பு என்று மூன்றைத்தான் பெயர் சொல்கிறது. உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனிக் கட்டளைச் சட்டம் உண்டு. திருத்த வேண்டியது அதை. சட்டம் படித்தவர்கள் நான் பிழை என்றால் கீழே எழுதுங்கள். ஏசுவதற்கு வருபவர்கள் வீட்டில் எத்தனை வோட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கான் இன்னும் துப்புரவாக்கப்படவில்லை. நாளைக்கு மறுபடி போன் பண்ணப் போகிறேன்.