தேய்ந்த தண்டுக்குத் தயவு வேண்டாம்!

தையல் மிஷின் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் மேலும் கீழும் மிதிக்கிறது. சக்கரமோ சுற்றுகிறது! மோட்டார் காரிலும் இதே வித்தைதான். பெட்ரோல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது வளைவு வளைவான ஓர் இரும்புத் தண்டு. அதன் பெயர் 'கிராங்க் ஷாப்ட்'.

பழைய காரின் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் பலர் ஏமாந்து போவது இந்தத் தண்டில்தான்.

இங்கிலாந்தின் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. இன்றும் அதைக் கண்போல் காப்பவர்கள் உண்டு. நம் நாட்டு அம்பாசிடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின், இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

தேய்வது எப்படி?

என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால், தண்டு வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. அப்போதும் அது பேரிங்கில் உரசுவதில்லை. நடுவே ஆயில் மெல்லிய படலமாக நின்று தாங்குகிறது. அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் கனம் கூட இராது.

ஆயிலில் அழுக்குச் சேர்ந்தால் தண்டில் கோடு விழும். வட்டமான இடம் நாளடைவில் முட்டை வடிவாகும். இடைவெளி பெருகி, ஆயிலின் அழுத்தம் குறையும். பிறகு 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கும்.

"பேரிங் மட்டும் போதுமே!"

செலவுக்கு அஞ்சி இப்படிச் சொல்பவர்கள் உண்டு. தேய்ந்த அச்சில் புதுச் சக்கரத்தை மாட்டினால் வண்டி ஆடாமல் போகுமா? புதுப் பேரிங்கும் சீக்கிரமே கெடும். அது தண்டைப் பிடித்துக்கொண்டால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறியலாம். முறிந்த ராடு என்ஜின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். மிச்சம் பிடித்த காசு மட்டுமா போகும்? வேகமாக ஓடும் காரில் இருப்பவர்களின் உயிருக்கும் அல்லவா ஆபத்து!

தீர்ப்பு யாருடையது?

விற்பவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சொந்தக்காரரின் மணிபர்சும் சொல்லக் கூடாது. மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கழுத்தையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளக்க வேண்டும். தேய்மானம் கொஞ்சம் என்றால் தண்டைக் கடைந்து சீராக்கலாம். எம்.ஜி.பி. தண்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகக் கடைவார்கள். குறைந்த அளவுக்கு ஏற்பக் கனமான பேரிங் போடுவார்கள். அந்த எல்லையையும் தாண்டித் தேய்ந்திருந்தால் தண்டை மாற்ற வேண்டியதுதான். விரிசல் கண்டாலோ யோசனையே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காந்தச் சோதனை காட்டிவிடும்.

மாற்றும்போது கவனம்

1964-ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை வந்த எம்.ஜி.பி. என்ஜினில் தண்டைத் தாங்கும் பேரிங் மூன்று. பிறகு வந்தவற்றில் ஐந்து. ஒன்றின் தண்டு மற்றதில் பொருந்தாது. புதுத் தண்டானாலும் அதன் ஆயில் துளைகளைக் கழுவி ஊதிச் சுத்தம் செய்யாமல் மாட்டக் கூடாது. உள்ளே தங்கிய ஒரு துளி இரும்புத்தூள் போதும், மறுபடியும் கோடு விழ! பட்டறையில் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நேர்மையான மெக்கானிக் அதற்குக் கோபிக்கமாட்டார்.

"காரோடு பிறந்த தண்டை மாற்றினால் பழமை போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆசை புரிகிறது. பழைய தண்டைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால், கார் பிறந்தது ஓடுவதற்கு. நின்ற இடத்தில் துருப்பிடிப்பதற்கு அல்ல. தேய்ந்ததை அளந்து பார்த்து மாற்றுகிறவரே, அந்தப் பழமையை உண்மையில் காப்பாற்றுகிறவர்!