மானியம் மட்டும் கூட்டுச் சேர்க்காது

போட்டி நிறுவனங்களை ஒன்றாக ஆராய்ச்சி செய்ய வைக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கினால் போதும் என்கிறார்கள். இதற்கு வழக்கமாகக் காட்டும் சாட்சி, 1976இல் ஜப்பான் தொடங்கிய சிப் ஆராய்ச்சித் திட்டம். ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்.இ.சி., தோஷிபா ஐந்தும் அதில் சேர்ந்தன. ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வேறு கதை வருகிறது.

மொத்தச் செலவு ஏறத்தாழ 7,000 கோடி யென். அதில் அரசு தந்தது பாதிக்கும் குறைவு. அதுவும் லாபம் வந்தால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

ஐவரும் ஒரே கூரையின்கீழ் தொழில் ரகசியங்களைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதும் மிகை. பெரும்பகுதி வேலை அவரவர் ஆய்வகத்திலேயே நடந்தது. கவாசாகியில் இருந்த கூட்டு ஆய்வகம் எடுத்துக்கொண்டது உற்பத்திக் கருவி, சிலிக்கான் படிகம் போன்றவற்றை. அவை எல்லோருக்கும் வேண்டும், ஆனால் அவற்றை வைத்து யாரும் யாரையும் சந்தையில் முந்த முடியாது. தலைவராக வந்த தாருயி யாசுவோ ஐந்தில் எதையும் சேராதவர், அரசு ஆய்வகத்துக்காரர். இந்த ஏற்பாட்டைத்தான் நான் கொள்கை வடிவமைப்பு என்பேன்.

‘அது ஜப்பானியப் பண்பாடு, அமெரிக்காவில் நடக்காது’ என்பது அடுத்த வாதம். அங்கே தடை பண்பாடு அல்ல, வழக்கு பற்றிய பயம். ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி தோற்றவர் மூன்று மடங்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். கூட்டு முயற்சியை அரசிடம் பதிவு செய்தால் உண்மையான நஷ்டத்தை மட்டும் கட்டினால் போதும் என்றது 1984ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மானியமாக ஒரு டாலரும் தேவைப்படவில்லை.

பணமும் பிறகு வந்தது, மறுக்கவில்லை. 1987இல் 14 அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கிய செமடெக் என்ற சிப் ஆராய்ச்சிக் கூட்டமைப்புக்கு அரசு ஆண்டுக்கு 10 கோடி டாலர் தந்தது. உறுப்பினர்களும் ஈடாகப் போட்டார்கள். ஆனாலும், சிப் தயாரிக்கும் செய்முறையையே சேர்ந்து உருவாக்கும் திட்டம் ஓடவில்லை. தன் கைப்பக்குவத்தைப் போட்டியாளன் முன் யார் விரித்துவைப்பார்கள்? கருவி தயாரிப்பாளர்களை வளர்ப்பது என்று இலக்கை மாற்றிய பிறகே வண்டி நகர்ந்தது. அந்த மாற்றமும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. சில உறுப்பினர்கள் விலகினார்கள்.

இர்வின், கிளெனோ என்ற பொருளியலாளர்களின் ஆய்வு இன்னும் சங்கடமானது. செமடெக்கால் உறுப்பினர்களின் ஆராய்ச்சிச் செலவு மொத்தத்தில் சுமார் 30 கோடி டாலர் குறைந்ததாம். ஒரே வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்வது நின்றால் செலவு குறையத்தான் செய்யும். சேர்வதிலேயே இவ்வளவு மிச்சம் என்றால் மானியம் எதற்கு?

1996உடன் அரசுப் பணம் நின்றது. உறுப்பினர்கள் சொந்தப் பணத்தில் செமடெக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள். பிறகு வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.