வாடகைக்கு விடப்படும் தாளம்

சென்ற மாதம் நம் வட்டத்து நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் சொன்னார்: "ஹிப்-ஹாப்காரன் பிறத்தியான் இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டுகிறான். ஒட்டியதை வாடகைக்கும் விடுகிறான். இதில் கலை எங்கே வந்தது?" மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட இந்த இசையில் ஒரு தட்டையாவது முழுக்கக் கேட்டவரில்லை என்பது எனக்குத் தெரியும். படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் உரிமையை வெகுஜனப் பத்திரிகைக்காரர்களுக்கு மறுத்து வந்திருக்கிறோம்; நமக்கு வழங்கிக்கொள்வதில் மட்டும் தாராளம். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் இரவுகளில் பீட் செய்து விற்றவன் நான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்குப் பிராயச்சித்தம் இது.

முதலில் திருட்டு. 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு, ஒரு தட்டின் பின்பக்கத்துக்காக 'ஏமென், பிரதர்' என்ற உருப்படியைப் பதிவு செய்தது. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய, கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடி டிரம்மைத் தனியே வாசித்தார். அந்த ஆறேழு விநாடி பின்னால் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அஸ்திவாரமாயிற்று. கோல்மன் 2006-ல் வறுமையில் இறந்தார். இதில் அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வந்ததில்லை. குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் தாமாகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

"பார்த்தீரா, திருட்டுத்தானே" என்பார் நண்பர். சரி, சட்டம் வந்து என்ன செய்தது? 1991-ல் நியூயார்க் நீதிபதி ஒருவர், பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிரான தீர்ப்பை, களவு செய்யாதே என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கினார். 2005-ல் ஓர் அப்பீல் கோர்ட், ஃபங்கடெலிக் குழுவின் தட்டிலிருந்து எடுத்த இரண்டு விநாடி கிட்டாருக்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தது கிட்டார் வாசித்த கையில்லை. உரிமைப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருந்த கம்பெனிகள். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' தட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் அந்த உருப்படியில் இயற்றியவர் என்ற பெயர் கிடையாது. டிரம் வாசிப்பதை இயற்றுவதாகவே அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் காப்பாற்றியது காகிதத்தை. கை அப்போதும் வெறுங்கையாகவே இருந்தது. இதற்கிடையில், டஜன் கணக்கான தட்டுகளிலிருந்து எடுத்துக் கோத்த டி லா ஸோலின் 1989-ம் வருஷத்து முதல் ஆல்பம், உரிமைச் சிக்கல்களால் 2023 வரை இணையத்தில் முறையாகக் கேட்கக் கிடைக்காமல் கிடந்தது.

இரண்டாவது, கலை. டெட்ராய்ட்டின் ஜே டில்லா 2006 பிப்ரவரி 7-ம் தேதி, தன் 32-வது பிறந்த நாளன்று, 'டோனட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டு, மூன்றாம் நாள் இறந்தார். சின்னச் சின்னதாக 31 உருப்படிகள். பெரும்பாலும் பழைய தட்டுகளின் துண்டுகள். ராப் பாடுகிறவன் இல்லை. பீட் செய்யும் மெஷின், கை தட்டிய அடிகளைச் சம இடைவெளிக்கு இழுத்து ஒழுங்குபடுத்திவிடக்கூடியது. டில்லா அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. ஓர் அடி இம்மி முந்தும், இன்னொன்று இம்மி பிந்தும். கேட்கிறவனுக்குத் தடுக்கி விழப்போவது போல் இருக்கும், விழமாட்டான். எந்தத் தட்டை எடுப்பது, எந்த இடத்தில் வெட்டுவது, எதைக் கேட்காத மாதிரி விட்டுவிடுவது என்பதெல்லாம் தேர்வு சம்பந்தப்பட்டவை. தேர்வு ஒன்றையே மூலதனமாக வைத்துக்கொண்டு விமர்சகன் என்ற பெயரில் உலவும் நாம் இதைக் கண்டு சிரிப்பது விந்தை.

மூன்றாவது, வாடகை. நண்பருக்கு அருவருப்பூட்டுவது உண்மையில் இதுதான். பீட் செய்கிறவன் ஒரே பீட்டைச் சொற்பத் தொகைக்குப் பல பேருக்கு லைசென்ஸ் கொடுக்கிறான். இத்தனை பிரதி, இத்தனை தடவை கேட்பு என்று வரம்பு கட்டுகிறான். வரம்பு தாண்டினால் புது லைசென்ஸ். ஒருவருக்கே சொந்தமாக வேண்டுமென்றால் தொகை பல மடங்கு. 2018-ல் லில் நாஸ் எக்ஸ் என்ற பேரறியாத இளைஞன், யங்கியோ என்ற டச்சுப் பையன் இணையத்தில் வைத்திருந்த பீட் ஒன்றை 30 டாலருக்கு வாங்கினான். அதன்மேல் பாடிய 'ஓல்ட் டவுன் ரோட்' 2019-ல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த பீட்டில் இருந்தது நைன் இஞ்ச் நெயில்ஸின் 2008-ம் வருஷத்துப் பதிவு ஒன்றின் துண்டு. அதைச் செய்தவர்களுக்கும் பாடலில் பெயர் வந்தது, பீட் செய்த பையனுக்கும் வந்தது. நண்பர்கள் இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்குப் படுவது வேறு. 1969-ல் டிரம் வாசித்தவனுக்குக் கிடைக்காத பெயர், 50 வருஷம் கழித்து ஒரு பையனுக்குக் கிடைத்திருக்கிறது. குத்தகைக்கு விடுகிறவனிடம் நிலம் இருக்கிறது. நாவலின் உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டுப் பதிப்பாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர்களின் வம்சத்தில் வந்தவர்களுக்கு இது அருவருப்பாகப் படுவானேன்?

ஆனால் இந்தத் தொழிலில் நிஜமாகவே ஒரு நோய் இருக்கிறது. நண்பர் அதைத் தொடவில்லை. வாங்க வருகிறவர்கள் பிரபலமான பாடகனின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். ஆகவே பீட்டின் தலைப்பில் 'இன்னார் டைப் பீட்' என்று போடவேண்டியிருக்கிறது. நானும் போட்டேன். போட்டவை விற்றன. யார் பெயரும் இல்லாமல் நான் வைத்த ஒன்றே ஒன்றை இரண்டு வருஷத்தில் ஒருவர் வாங்கினார். மெள்ள மெள்ள என் டிரம் அடுத்தவன் எதிர்பார்க்கும் இடத்திலேயே விழப் பழகிற்று. ஒருநாள் இரவு பழையவற்றை வரிசையாகப் போட்டுக் கேட்டபோது, இவற்றில் என் காது எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். விற்றது என்னைக் கெடுக்கவில்லை. விற்பதற்கு முன்பே, செய்யும்போதே, இன்னொருவனாக இருக்கச் சம்மதித்தேனே, அது கெடுத்தது.

சிரித்த நண்பர்கள் தாக்கியிருக்க வேண்டியது இதை. தாக்க அவர்களால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நம் பத்திரிகைகளுக்கு வரும் கவிதைகளை, வேண்டாம், நாம் தேர்ந்தெடுத்து அச்சுப் போடும் கவிதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவியின் மூச்சை வாங்கி எந்தக் கவி விடுகிறார் என்று, ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு, வரிக்கு வரி என்னால் சொல்ல முடியும். உங்களாலும் முடியும். இதற்குக் காசுகூட கிடையாது.

பீட் செய்கிற பையனாவது 'இன்னார் மாதிரி' என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறான். நாம் போடுவதில்லை.