ஓர் ஏரிக்கு எத்தனை துறை?

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே நமக்கு ஒரு முத்திரை குத்தி விடுகிறார்கள். நீ சட்டம், நீ தமிழ், நீ வேளாண்மை, நீ சூழலியல். அதற்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்தில் என்ன படிக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து விடுகிறோம். முனைவர் பட்ட ஆய்வு என்று வரும்போது இந்தச் சுவர் இன்னும் உயர்ந்து விடுகிறது. "இது நம் துறைக்குள் வராது" என்ற ஒரு வரியில் எத்தனையோ நல்ல கேள்விகள் முளையிலேயே கிள்ளப்படுகின்றன.

இது சரிதானா? பொத்தாம் பொதுவாகப் பேசினால் விளங்காது. எனவே நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் ஏரி! வட மாவட்டங்களில் ஏரி, மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லைப் பக்கம் குளம். பெயர் எதுவானாலும் தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது.

முதலில் ஏரியின் அடியில் கிடக்கும் வண்டல் மண்ணைப் பாருங்கள். விவசாயிக்கு அது எரு. கோடையில் அதை அள்ளி வயலில் போட்டால் மண்ணும் வளமாகும், ஏரியும் ஆழமாகும். கல்வெட்டு படிப்பவருக்கு அது ஒரு வரலாற்றுச் செய்தி. ஏரியில் மண் வாரிக் கரையில் போடுவதற்கென்றே நிலமும் பொன்னும் தானம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் பல உண்டு. சூழலியல் மாணவருக்கு அது சிற்றுயிர்களும் நீர்த்தாவரங்களும் வாழும் இடம். சட்டம் படித்தவரைக் கேட்டால், அது 1959ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரும் 'சிறு கனிமம்', அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்பார்! நான்கு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்த நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால், ஒரு வண்டி வண்டலுக்காக விவசாயி இத்தனை ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்க வேண்டாம். அந்த அனுமதியைத் தாசில்தார் அளவிலேயே பெறலாம் என்று விதியை எளிதாக்கியது 2024இல்தான்.

அடுத்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகளைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. மேடைதோறும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே கல்வெட்டைச் சட்டம் படிக்கிற ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் முதலில் பார்ப்பது தகுதி விதிகளைத்தான். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது ஒரு பிராமணர் ஊர். வயலில் இறங்கி உழுதவனுக்கும் மடை திறந்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இன்னொரு விதியையும் அவர் சுட்டிக் காட்டுவார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது! இன்றைய பாசன சங்கங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்று யாராவது ஆராய்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெருமையையும் குறையையும் சேர்த்துப் படிக்க இரண்டு துறைக் கண்கள் வேண்டியிருக்கிறது.

இப்படிச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. டேவிட் மாஸ் என்ற மானிடவியல் அறிஞர் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை வைத்து 2003இல் ஒரு பெரிய நூல் எழுதினார். நீர்ப் பங்கீடு, கோயில் மரியாதை, சாதி, ஜமீன் அதிகாரம், இன்றைய அரசு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். "அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்தது" என்று நாம் சொல்லும் கதை அத்தனை எளிதல்ல என்பது அதைப் படித்தால் புரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் செய்த வேலையை, பத்துக் கிலோமீட்டரில் கண்மாயை வைத்துக்கொண்டிருக்கும் நாம் ஏன் செய்யக் கூடாது?

இப்போது செங்கல்பட்டுப் பக்கம் போவோம். மதுராந்தகம் ஏரி உடையப் போன மழை இரவில் இராமரும் இலட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் பிளேஸ் துரை கண்டார் என்று ஒரு கதை உண்டு. அங்குள்ள கோயிலுக்கு ஏரி காத்த ராமர் கோயில் என்றே பெயர். நாட்டார் வழக்காற்றியல் மாணவர் இந்தக் கதையைப் பதிவு செய்வார். இதே லயனல் பிளேஸ்தான் 1799இல் செங்கல்பட்டு ஜாகீரின் நிலம், வரி, பாசனம் பற்றி நீண்ட அறிக்கை எழுதியவர். அதை வரலாற்று மாணவர் படிப்பார். பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலில், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்ற கிராமத்தாரின் உரிமை அதே காலத்தில் எழுத்தில் ஏறியது என்பார்கள். அதைப் பறவை ஆய்வாளர் தன் கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போவார். மூன்று ஆய்வு, மூன்று அலமாரி, ஒரே ஆள்! கரை உடைந்து விடுமோ என்ற பயம், வரி வசூல், பறவைக் காவல் மூன்றும் ஒரே வட்டாரத்தில் ஏன் ஒன்றாக நடந்தன என்ற கேள்வி மூன்று அலமாரிக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது வெறும் இரக்கத்தால் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது. இதைச் சட்டக் கல்லூரி ஆராய வேண்டுமா, சூழலியல் துறை ஆராய வேண்டுமா? இரண்டும் சேர்ந்து என்பதுதான் என் பதில்.

சேராமல் இருந்தால் என்ன நட்டம்? சீமைக் கருவேலம் நல்ல உதாரணம். அதை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017இன் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக வேலை வேகமாக நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், போதிய அறிவியல் ஆய்வு இல்லை என்ற வழக்கில் அகற்றுவதற்கே இடைக்காலத் தடை வந்தது. பிறகு நிபுணர் குழு. அந்த மரம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கண்மாய்களை அது அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் எந்த இடத்தில், எப்படி அகற்றுவது, அகற்றிய இடத்தில் என்ன வளர்ப்பது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு என்ன வழி... இந்தக் கேள்விகளுக்கு விடை முன்பே தயாராக இருந்திருக்க வேண்டாமா? நீதிமன்றம் கேட்கும் நாளில் ஆய்வைத் தொடங்குவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான்.

ஆக்கிரமிப்பு விஷயமும் இப்படியே. குளம் என்று பதிவான இடத்தை வீட்டு மனையாக ஒதுக்கியது செல்லாது என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. தமிழ்நாட்டில் 2007இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்குத்தான். பொதுவாக 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் அவை. அதற்குக் கீழே உள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அவற்றுக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் முதலான வேறு சட்டங்களைத் தேட வேண்டும். நம் ஏரிகளோ சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் ஒரு சிற்றேரி தூர்ந்தாலோ மனையானாலோ கீழே இருக்கும் பெரிய ஏரிக்கு வரத்து நின்று விடும். தண்ணீருக்கு ஆயக்கட்டு அளவு தெரியாது! இதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல நீரியல் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும், அல்லது சட்டம் தெரிந்த சூழலியலார் வேண்டும். இரண்டு பேரையும் நம் கல்விமுறை உருவாக்குவதில்லை.

"எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் ஆழம் இருக்காதே?" என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நுனிப்புல் மேய்வதை நானும் ஆதரிக்கவில்லை. ஒருவரே நான்கு துறையிலும் வல்லவராக வேண்டியதில்லை. தன் துறையில் ஆழமாக நின்றுகொண்டு, அடுத்த துறைக்காரரிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். கல்வெட்டு ஆய்வாளர் 'குமிழி' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும் முன் ஒரு முறை ஏரிக்கரையில் இறங்கிப் பார்க்கலாம். மடை திறக்கும் நீர்க்கட்டியிடம் அரைமணி நேரம் பேசலாம். அகராதியில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

என் யோசனைகள் மூன்றுதான். ஒன்று, நிலம், நீர், ஊர் சார்ந்த எந்த ஆய்வுக்கும் வேறொரு துறையிலிருந்து ஓர் இணை வழிகாட்டி கட்டாயம் வேண்டும். இரண்டு, தமிழ்நாட்டில் செய்யப்படும் ஒவ்வொரு ஆய்வேட்டோடும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் இருக்க வேண்டும். ஆய்வேடுகள் இன்று சோத்கங்கா தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆங்கிலத்தில் இருக்கும் 300 பக்கத்தை எந்த விவசாயி படிப்பார்? மூன்று, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அந்த ஆய்வாளர் எந்த ஊரில் தகவல் சேகரித்தாரோ அந்த ஊர்க் கிராம சபையில் ஒரு முறை தன் முடிவுகளைச் சொல்ல வேண்டும். அங்கே வரும் கேள்விகள் தேர்வாளர் கேட்பதைவிடக் கடினமாக இருக்கும் என்பது என் கணிப்பு!

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. மனம்தான் வேண்டும். அடுத்த மழைக்குள் ஒரு சிற்றேரி மனையாகி விடக் கூடும். அதற்குள் அதைப் பற்றி நான்கு துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்களா? சட்டம் படிக்கும் நண்பர்களும் வேளாண்மை படிக்கும் நண்பர்களும் சொல்லுங்கள், யார் முதலில் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகப் போகிறீர்கள்?