கார் போர்ச் இல்லாதவருக்கும் கறண்ட் வேணும்

எங்கட ஒழுங்கையில மின்சார வாகனம் வைச்சிருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தர் மூலை வீட்டு அங்கிள். கூரையில சோலர், போர்ச்சில சார்ஜர், பக்கத்தில புதுக் கார். மற்றவ மேல்மாடியில வாடகைக்கு இருக்கிற அக்கா. அவவிட்ட இருக்கிறது ஒரு மின்சார ஸ்கூட்டர். முதல் மாதம் ஜன்னலால வயர் விட்டு சார்ஜ் போட்டா. ரெண்டாம் மாதம் வீட்டுக்காரர், "பில் கூடுது பிள்ளை, வயரைப் பாக்கவும் பயமாக் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டார். இப்ப அக்கா ஸ்கூட்டரை விக்க ஆள் தேடுறா.

எனக்கு அங்கிளிலயும் கோபமில்லை, வீட்டுக்காரரிலயும் கோபமில்லை. கோபம் எங்கட உள்ளூராட்சி சபைகளில.

"மின்சார வாகனம் காசுக்காரரின்ர விளையாட்டு, அதுக்குள்ள சபைக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். சபை ஒதுங்கி நிற்பதால்தான் அது காசுக்காரரின் விளையாட்டாக இருக்கிறது. தெருவிளக்குப் போடுவது சபையின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டில லைற் இருக்கிறவை மட்டும் வெளிச்சத்தில போங்கோ எண்டு எந்தச் சபையும் சொன்னதில்லை. சார்ஜ் விஷயத்தில மட்டும், வீட்டில வசதி இருக்கிறவை ஓடுங்கோ, மற்றவை பெற்றோல் அடியுங்கோ எண்டு விட்டிருக்கிறம்.

2022ஐ மறந்துபோனோமா? கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். செட் வாசலில் ராத்திரி முழுக்கக் கிடந்தவர்களில் எத்தனை பேர் ஓட்டோக்காரர், சாப்பாடு டெலிவரி செய்கிற பெடியள்! பெற்றோலை விட்டு முதலில் விடுபட வேண்டியவர்கள் இவர்கள்தான். வண்டியை நிறுத்திப் பிளக்கைச் செருகச் சொந்தமாக ஓர் இடம் இல்லாதவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

"ரோட்டுக் குழியை மூடவே காசில்லை, இதுக்குள்ள சார்ஜரோ?" என்பது நியாயமான கேள்வி. கோடிக்கணக்கில் விலை போகிற வேகச் சார்ஜரை யாரும் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்குத் தேவை சாதாரண மூன்று முனைப் பிளக், பாவித்த அலகைக் காட்ட ஒரு மீற்றர், மழை படாத ஒரு தகரக் கூரை. இடமும் சபையிடமே இருக்கிறது: சந்தை, நூலகம், பஸ் நிலையத்தடி, சைக்கிள் பாதுகாப்பு நிலையம். இதில் பலதைச் சபை வருடாவருடம் கேள்விகோரல் போட்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் "பத்துப் பிளக் போட வேண்டும், ஓர் அலகுக்குச் சபை குறிக்கும் விலைக்கு மேல் எடுக்கக்கூடாது" என்று ஒரு நிபந்தனை சேர்க்க எவ்வளவு காசு வேணும்? பாவிக்கிறவை காசு குடுத்துத்தானே பாவிக்கப் போகினம்.

மின்சாரம் எங்கே என்றும் கேட்பார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகல் முழுக்க எங்கட ஸ்கூட்டரும் ஓட்டோவும் சந்தையடியில வெயில் காயுது. அதை விட்டுப்போட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போய் மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில், உச்ச நேரத்தில் செருகினால் நாட்டுக்குத்தான் கஷ்டம்.

சபை சும்மா இருந்தால் இடம் சும்மா இருக்காது. ஹோட்டலும் சுப்பர்மார்க்கெட்டும் தங்கட வாடிக்கையாளருக்குப் போடும். இல்லாட்டி விலைக்கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் சபையின் காணி ஒரு கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போகும். பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே வீட்டில் சார்ஜ் போட்டால் 5 வீதம் வற், தெருவில் போட்டால் 20 வீதம் என்று வருடக்கணக்காக அறவிட்டார்கள். வாகனம் நிறுத்த வீட்டோடு இடம் இல்லாதவர் கூடக் கட்டினார். ஆனால் அதே நாட்டில்தான் லண்டன் சபைகள் தெருவிளக்குக் கம்பத்திலேயே சார்ஜ் போட வசதி செய்தன. நாங்கள் எதைப் பார்த்துப் பழகப் போகிறோம்?

2023 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் எல்லாச் சபைகளும் உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. அப்போது ஆணையாளரையும் செயலாளரையும் சாட்டலாம். 2025 மே 6இல் வாக்குப் போட்டு ஆட்களை அனுப்பியிருக்கிறோம், இனிச் சாட்டேலாது. அடுத்த வருடப் பாதீடு டிசம்பருக்குள் சபைக்கு வரும். அதற்கு முதல் உங்கட வட்டார உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. "அபிவிருத்தி வேணும்" எண்டு பொதுவா எழுதாதேங்கோ. எந்தச் சந்தை, எத்தனை பிளக், அலகு என்ன விலை எண்டு கேளுங்கோ.

அக்காவின்ர ஸ்கூட்டர் இன்னும் விலைப்படேல்லை. சந்தையடியில ஒரு பிளக் வந்தால் அவ விக்கவே தேவையில்லை.