கூதிர் காலத்து மலை

இலங்கை மலையகத்தைப் பற்றிய கவிதைகளில் மழை பெரும்பாலும் ஒரே மழையாகவே பெய்கிறது. பனிமூட்டம், நனைந்த கொழுந்து, லயத்துக் கூரையின் ஒழுக்கு. எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம் என்பதை அவை சொல்வதில்லை. வாசகர்களாகிய நாமும் கேட்பதில்லை. இது சிறிய குறையன்று என்றே எமக்குத் தோன்றுகிறது.

அந்த மலைக்கு ஒரு மழைக்காலம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிப் பொழிகிறது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியன அப்போது நனைந்து ஊறுகின்றன. வட்டவளையின் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்புவதும் இம்மழையால்தான். ஆனால் அதே காற்று முகட்டைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரமிழந்து, வெப்பமேறி, வறண்ட காற்றாகிவிடுகிறது. ஆடியில் வட்டவளை குடை பிடிக்க, பதுளையில் புழுதி பறக்கும். டிசெம்பரில் வடகிழக்குக் காற்று வந்ததும் முறை மாறும். பசறையும் மடுல்சீமையும் நனைய, தை மாசியில் மேற்குச் சரிவு வெயில் காயும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசெம்பர்ப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிவது மழைக்கணக்குக்கும் பொருந்தியே இருக்கிறது.

இக்கணக்கு தோட்டத்துத் தொழிலாளியின் சம்பளத்திலும் உண்டு. மழையும் வெயிலும் கலந்து வரும் நாட்களில் கொழுந்து பெருகும், வறட்சியில் குறையும். கேட்கும் கிலோ வராத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். மழை விடாது பெய்தாலோ, ஈரக்கொழுந்தின் நிறையில் தண்ணீருக்கென்று சில கிலோ கழிக்கப்படும். உலகம் புகழும் ஊவாத் தேயிலையின் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த வறண்ட காலமே. மேற்குப் பக்கத்துத் திம்புலவுக்கு அது தை முதல் பங்குனி வரை. காற்றில் வாடிய செடி குறைவாகத் துளிர்க்கிறது, ஆனால் மணம் மிகுந்து துளிர்க்கிறது. ஏலத்தில் விலை உயரும் நாட்களில்தான் கொழுந்தெடுப்பவளின் கூடை நிறையாமல் நிற்கிறது. இதைவிடக் கூர்மையான ஒரு படிமத்தை எந்தக் கவிஞரால் தேடிப் பிடித்துவிட முடியும்?

எமது மரபு மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டு, கூதிரையும் முன்பனியையும் அதற்குரிய பெரும்பொழுதாக வகுத்தது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். யாமத்தோடு சேர்ந்தால் புணர்ச்சிக்குரிய காலம். இலங்கை வானிலைத் துறையினர் ஏறத்தாழ இதே நாட்களை, ஒக்டோபர் நவம்பரை, இரண்டாம் இடைப்பருவம் என்கிறார்கள். இரண்டு பருவங்களுக்கு நடுவே கிடப்பது என்பதைத் தவிர அப்பெயருக்குப் பொருள் இல்லை. ஆனால் தீவு முழுவதும் ஏறக்குறைய ஒருசேர நனைவது அப்போதுதான். மாலைகளில் இடியோடு கூடிய மழை. அதன்மேல் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் புயல்களும். சரிவுகள் இரண்டும் ஒரே வேளையில் நீரேந்துகின்றன.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைக் கடந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன; வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் இறந்தோர் 600க்கு மேல். இரண்டும் கூதிர்க் காலம். (தென்மேற்கின் தொடக்கமும் கொல்லும், 2016 மே மாதத்து அரநாயக்கவை மறக்கவில்லை.)

இத்தகைய நாட்களுக்குப் பின் இரங்கற்பாக்கள் குவிகின்றன. அவற்றில் 'இயற்கையின் சீற்றம்' என்ற தொடர் தவறாமல் வருகிறது. அத்தொடரை நாம் ஏற்கவில்லை. ஐப்பசியில் மழை வருவது சீற்றமன்று, வழமை. அது எவ்வளவு வரும் என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மீரியபெத்தை இடர்ப்பகுதி என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தலைமுறைகளாகத் தோட்டத்திலேயே உழைத்தும் வீட்டடிக் காணிக்கு உறுதி இல்லாதவர்கள் அவர்கள். லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. 'வெளியேறுங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் போவதற்கு ஓரிடம் வேண்டுமல்லவா? பழியை மழையின் தலையில் ஏற்றும் கவிதை, எவ்வளவு கண்ணீரோடு எழுதப்பட்டிருந்தாலும், அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது.

மாதமும் சரிவும் தெரிந்த எழுத்தாளர் அப்படி எழுத மாட்டார் என்று நம்புகிறோம். நம்பிக்கை தவறாகவும் இருக்கலாம். எம்மிடமுள்ள மலையகச் சிறுகதைத் தொகுப்புகளை இப்போது மீண்டும் எடுத்து, ஒவ்வொரு மழைக்கும் எதிரே மாதத்தையும் மலையின் பக்கத்தையும் பென்சிலால் குறித்து வருகிறோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கதைகள் சிலவற்றில் தேடாமலே கிடைக்கிறது. கான் வெட்டும் வேலையோ கவ்வாத்தோ வந்தால் காலம் தெரிந்துவிடும். மற்றப் பலவற்றில் ஓரம் வெறுமையாகவே இருக்கிறது.